ரீடிங்

தழும்பின் இடது ஓரத்தில்
புளியங்கொட்டை அளவுக்கு
முதலில் தட்டுப்பட்டது.
திருமங்கலத்தில் ரயில்வே கேட்டுக்குப் பின்னால்
மீட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எம்பினால் எட்டும் உயரம்தான்.
எம்பினேன்.
எண்கள் தெரியவில்லை.
சுவரைப் பிடித்துக் குனிந்து நின்றதில்
அந்த வீட்டு நாய்கூடக் குரைக்க மறந்தது.

உள்ளே தங்கிப்போன தையல் நூல் என்றார் முதல் டாக்டர்.
அடுத்தவர் கொழுப்புக் கட்டி என்றார்.
மூன்றாமவர் குடலிறக்கம் என்று சொல்லி
எண்ணூற்றைம்பது ரூபாய்க்கு
ஒரு பெல்ட்டை மாட்டிவிட்டார்.
கத்திரி வெயிலில் அதைக் கட்டிக்கொண்டு
நாளுக்கு நூற்றுப்பத்து வீடு ஏறி இறங்கியதில்
வேர்க்குருதான் மிச்சம்.
தேதி பார்த்துத்தான் சார் வலிக்குது என்றேன்.
"வலிக்கு நாள் நட்சத்திரம் தெரியுமாம்மா?"
அவர் சிரித்தார்.
கம்பவுண்டரும் சிரித்தார்.

ஆளில்லாத வீட்டில் சிவப்புப் புள்ளி மின்னினால்
எங்கோ ஓர் ஒயர் போகிறது என்று அர்த்தம்.
பன்னிரண்டு வருட வேலை இது.
காலண்டரை எடுத்தேன்.
தூரமான நாளுக்கு ஒரு வட்டம்,
கட்டி வீங்கிய நாளுக்கு ஒரு புள்ளி.
பதினான்கு மாதத்தில்
ஒரு புள்ளிகூட
வட்டத்துக்கு வெளியே விழவில்லை.

அந்த நாட்களில்
தூக்கத்தில் என் வயிற்றின்மேல் கால் போடும் நிகிதாவை
இரண்டு முறை தள்ளிவிட்டேன்.
மூன்றாம் மாதம் அவளாகவே
சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.
அதற்குக் காலண்டரில் குறி எதுவும் போடவில்லை.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் ஷர்மிளா பானு
ஸ்கேன் எழுதும் முன்
தாள் தாளாக அதைப் படித்தார்.
"பாதி வைத்தியத்த நீங்களே முடிச்சிட்டீங்க."
ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்:
பிள்ளையை வெளியே எடுத்த அன்று
கர்ப்பப்பை உள்தோலில் ஒரு துணுக்கு
கூடவே கிளம்பி
வாசலிலேயே நின்றுவிட்டது.
தோலுக்கும் தசைக்கும் நடுவே
உட்கார இடம் பிடித்து
பழைய வீட்டு வேலையையே செய்கிறது.
மாதா மாதம் ரத்தம் விடுகிறது.
விட்ட ரத்தம் போக வழியில்லை.

புற்றா?
இல்லம்மா. இடம் மாறிருச்சு.

தூரம் என்கிறோம் எங்கள் பக்கம்.
உண்மையிலேயே தூரமாய்ப் போனது அது ஒன்றுதான்.
ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் இல்லாமல்
வேற்றூரில் ட்யூட்டி பார்க்கும் அதன்மேல்
கோபப்பட முயன்றேன்.
ஒரு நாள்கூட லீவு போடாதவள்மேல்
எப்படிக் கோபப்படுவது?

முதுகில் ஊசி.
இடுப்புக்குக் கீழே நான் இல்லை.
பச்சைத் துணிக்கு அந்தப்பக்கம்
மாணவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
கட்டிய மட்டும் எடுத்தாப் பத்தாது,
சுத்தி ஒரு சென்டிமீட்டர்
நல்ல சதையும் சேத்து எடுக்கணும்.
மிச்சம் வச்சா மறுபடி வரும்.
பழுத்துக்குப் பக்கத்தில் இருந்த பாவத்துக்கு
நல்லதும் போனது.
பள்ளம் விழுந்த இடத்தில் வலை வைத்துத் தைத்தார்கள்.

காட்டச் சொன்னேன். காட்டினார்கள்.
நார் நாராய் வெள்ளைச் சதை,
நடுவில் கருப்பட்டிப் பாகு நிறத்தில்
தேங்கிய பழைய மாதங்கள்.
பாட்டிலை மஞ்சப்பையில் வைத்து
லேப்புக்குக் கொண்டுபோனது பாண்டிச்செல்வம்தான்.
பார்சல் டீ மாதிரி
சிந்தாமல் பிடித்துக்கொண்டு நடந்ததாகச்
சிஸ்டர் ஜெபசீலி சொன்னார்.
லோடு ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பியபோது
கப்பலூர் டோல்கேட் தாண்டும்வரை
இருபதுக்கு மேல் முள் ஏறவில்லை.
பின்னால் லாரிகள் அடித்த ஹாரனுக்கு
எதுவுமே திட்டாமல் ஓட்டினார்,
கல்யாணமாகி முதல் தடவையாக.

ரிசல்ட் வந்தது: அதே உள்தோல்.

அடுத்த வட்டம் போட்ட நாளில்
காலையிலிருந்து காத்திருந்தேன்.
விரலால் அழுத்திப் பார்த்தேன்.
தழும்புக்குக் கீழே உணர்வில்லை,
வேறு யாரோ ஒருத்தியின் தோல்மாதிரி இருந்தது.
இரவில் நிகிதா சுவரிலிருந்து திரும்பி
"இன்னைக்கு வலிக்குமா?" என்றாள்.
தெரியலடி, போட்டுப் பாரு.

குதிகாலை மட்டும் வைத்தாள்.